பழைய மடிக்கணினியும் போகாத மஞ்சள் குறியும்

17 அக்டோபர் 2025, வெள்ளி இரவு

வாசகர் ஒருவர் கேட்டது: "2011இல் வாங்கிய மடிக்கணினி. இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். மிகவும் மெதுவாகிவிட்டதால் பழைய சிடியை வைத்து விண்டோஸ் 7ஐ மறுபடி போட்டேன். இப்போது வைஃபை இல்லை, ஒலி இல்லை, திரையில் எல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இந்த மாடலையே காணோம். டிரைவர்களைத் தானே தேடிப் போட்டுக்கொள்ளும் மென்பொருள் ஒன்று இருக்கிறதாம், அதற்கும் சரியாகாவிட்டால் மதர்போர்டை மாற்ற வேண்டுமாம். கடைக்காரர் சொல்கிறார். எதைச் செய்யட்டும், அண்ணா?"

இரண்டும் வேண்டாம், தம்பி. நேற்றுவரை பாடிக்கொண்டிருந்த ஒலியும் ஓடிக்கொண்டிருந்த வைஃபையும் ஓ.எஸ். (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) மாற்றிய அதே மணி நேரத்தில் சேர்ந்து பழுதாவதில்லை. விண்டோஸ் இப்போதுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கிறது, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொருவரோடும் பேச அதற்குத் தேவையான சிறு மென்பொருள்தான் டிரைவர். திரையில் எழுத்துகள் பெரிதாகத் தெரிவதும் அதனால்தான்: கிராஃபிக்ஸுக்குரிய டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் பொதுவான விஜிஏ டிரைவரை வைத்துக்கொண்டு ஏதோ சமாளிக்கிறது.

தானே தேடிப் போடும் மென்பொருளை நானும் ஒரு காலத்தில் நம்பியவன். கும்பகோணத்தில் சிறிய டிடிபி மையம் வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிப்பதுதான் பிழைப்பு. முகூர்த்த மாதத்தில் ஒரு மதியம் அவசரத்துக்கு அப்படி ஒன்றைப் போட்டேன். அது டச்பேடுக்கு வேறொரு மாடலின் டிரைவரைப் போட்டுவிட்டு, கேட்காத பிரவுசர் ஒன்றையும் கூடவே இறக்கிவிட்டுப் போனது. சுட்டி திரையின் வலது மூலைக்கு ஓடி ஓடி ஒட்டிக்கொண்டது, நான் விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு 300 பத்திரிகைகளை அச்சுக்கு அனுப்பினேன்.

செய்ய வேண்டியது இது. "டிவைஸ் மேனேஜர்" என்பதைத் திறந்தால் டிரைவர் கிடைக்காத ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கும். அதன்மேல் வலது சொடுக்கி "பிராப்பர்ட்டீஸ்" சென்று, "டீட்டெயில்ஸ்" பக்கத்தில் "ஹார்டுவேர் ஐடிஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு வரி வரும். அந்த வரிதான் அந்தச் சில்லின் ஜாதகம். மாடல் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு அந்த வரியைத் தேடுங்கள். மடிக்கணினியைச் செய்த நிறுவனம் பக்கத்தை நீக்கியிருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் சில்லு ஏறக்குறைய எப்போதும் வேறொருவர் செய்தது, அதே சில்லு இன்னும் பத்து மாடல்களில் இருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சில்லுகள்), அடுத்து நெட்வொர்க், பிறகு கிராஃபிக்ஸ், ஒலி, கடைசியில் டச்பேடு, கார்டு ரீடர் போன்ற சில்லறைகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அலுப்புப் பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

18 அக்டோபர்

காலையில் இதைப் படித்துப் பார்த்தபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டது தெரிந்தது. வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். இந்த முடிச்சை அவிழ்க்க வீட்டிலிருக்கும் நெட்வொர்க் கேபிள் போதும், அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் "டெதரிங்" போடுங்கள். விண்டோஸ் 10இலும் லினக்ஸிலும் இது உடனே வேலை செய்யும், விண்டோஸ் 7 சில போன்களைப் பார்த்ததும் சேர்த்துக்கொள்ளும், சிலவற்றிடம் முறைத்துக்கொள்ளும். அப்படியானால் வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவதுதான் வழி.

இன்னொரு கேள்வி. சிடியிலிருந்து போடும்போது சி டிரைவை ஃபார்மட் செய்தீர்களா? செய்யாமல் அதன் மேலேயே போட்டிருந்தால் பழைய விண்டோஸ் முழுவதும் "விண்டோஸ்.ஓல்டு" என்ற கோப்புறையில் இருக்கும். அதற்குள் "விண்டோஸ்", அதற்குள் "சிஸ்டம்32", அதற்குள் "டிரைவர்ஸ்டோர்", அதற்குள் "ஃபைல் ரெப்பாசிட்டரி" என்று இறங்கினால், பல ஆண்டுகளாக உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருந்த அதே டிரைவர்கள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கும். டிவைஸ் மேனேஜரிடம் அந்தக் கோப்புறையைக் காட்டினால் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், பழையது விண்டோஸ் 7 ஆக இருந்தால் பெரும்பாலும் எல்லாமே பொருந்தும்.

18 அக்டோபர், மாலை

ஃபார்மட் செய்துவிட்டாராம். 2016இல் இலவசமாக வந்தபோது விண்டோஸ் 10க்கு மாறியிருந்தாராம், அது மெதுவாக ஓடியதால்தான் பழைய சிடிக்குத் திரும்பினாராம். இதைக் கேள்வியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் இந்தச் செய்தி பிறகு பயன்படும், மறந்துவிடாதீர்கள்.

டி டிரைவில் "டிரைவர்ஸ்" என்று ஒரு கோப்புறை இருக்கிறதாம். அதைத் தொடாமல் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. என்னுடையதில் கம்பெனி வைத்துக் கொடுத்த ரிக்கவரி பகுதி 15 ஜிபிக்கு மேல் இருந்தது, இடம் போதவில்லை என்று ஒரு நாள் நானே அழித்தேன். அந்த இடத்தில் கடைசியில் சேர்ந்தது பழைய பத்திரிகை டிசைன்கள்தான்.

19 அக்டோபர், தீபாவளிக்கு முதல் நாள்

வெடிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, ஆகவே என் முட்டாள்தனம் ஒன்றை எழுதி வைக்கிறேன்.

என் மடிக்கணினியில் சிடி டிரைவ் முன்பே செத்துவிட்டது. பென்டிரைவில் விண்டோஸ் 7ஐ ஏற்றிப் போட்டேன். நீலத்திரை வந்தது, மொழி கேட்டது, "இன்ஸ்டால் நவ்" என்பதையும் அழுத்திவிட்டேன். உடனே "சிடி டிவிடி டிரைவுக்குத் தேவையான டிரைவர் இல்லை" என்று நின்றுவிட்டது. பென்டிரைவிலிருந்தே கிளம்பி வந்துவிட்டு, பென்டிரைவையே காணோம் என்கிறது. பென்டிரைவ் கெட்டுப்போயிருக்கும் என்று வேறொன்று வாங்கினேன். இறக்கிய கோப்பில் பிழை இருக்கும் என்று 3 ஜிபிக்கு மேல் மறுபடி இறக்கினேன். சிடி டிரைவ் செத்ததால்தான் இந்தச் செய்தி வருகிறதோ என்று அதையே கழற்றி வெளியில் வைத்தும் பார்த்தேன். ஒரு நாள் முழுவதும் போயிற்று.

காரணம் பென்டிரைவைச் செருகிய துளை. அதன் நாக்கு நீல நிறத்தில் இருந்தது, அதாவது யுஎஸ்பி 3.0. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். யுஎஸ்பி 3.0 அப்போதுதான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தது, அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே வந்தது 2012இல், விண்டோஸ் 8இல். முதல் சில நிமிடங்கள் பென்டிரைவைப் படித்துக் கொடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் மதர்போர்டின் மென்பொருள், அதற்கு அந்தத் துளையைத் தெரியும். பிறகு விண்டோஸ் தானே பொறுப்பை எடுத்துக்கொண்டபோது, தான் நுழைந்து வந்த வாசலே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி எதிர்ப்பக்கத்துக் கறுப்புத் துளையில் செருகினேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

22 அக்டோபர்

ஒலி வந்துவிட்டது, கேபிளில் இணையமும் வந்துவிட்டது, திரை ஒழுங்காகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். வைஃபையோடு மூன்று மஞ்சள் குறிகள் மிச்சமாம்: "பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்", "எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்", "அன்நோன் டிவைஸ்".

முதலாவதன் பெயரைப் பார்த்துப் பலரும் மோடம் என்று எண்ணி மோடம் டிரைவரைத் தேடி அலைவார்கள், நானும் அலைந்திருக்கிறேன். உங்கள் தலைமுறைக் கணினியில் அது இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற, சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி, அடையாள எண்ணில் 8086 என்றும் 1சி3ஏ என்றும் இருக்கும். இரண்டாவதைச் சிப்செட் மென்பொருள் தீர்த்துவிடும். மூன்றாவது, வால்யூம், திரை வெளிச்சம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஹாட்கீ பொத்தான்களுக்கானதாகத்தான் இருக்கும்.

அடையாள எண்ணைப் படிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "வென்" என்பதற்குப் பிறகு வரும் நான்கு எழுத்துகள் சில்லைச் செய்தவரின் எண், "டெவ்" என்பதற்குப் பிறகு வருபவை சில்லின் எண். 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. இன்டெல் தனக்கு 8086ஐ எடுத்துக்கொண்டது, 1978இல் அது வெளியிட்ட செயலியின் பெயர் அது. ஃபேன்சி நம்பர் வாங்கும் ஆசை வண்டிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

23 அக்டோபர்

"சிப்செட் டிரைவரைப் போட்டேன், அதன் தேதி 18-7-1968 என்று காட்டுகிறது, வைரஸா?" என்று கேட்கிறார்.

இல்லை. இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள் அது. ஒரு கருவிக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால் விண்டோஸ் தேதி பிந்தியதை எடுத்துக்கொள்ளும். சிப்செட் கோப்புகளில் பெரும்பாலானவை அந்தந்தச் சில்லுக்குப் பெயர் சூட்டுவதோடு சரி. அவை உண்மையான டிரைவரை மிதித்துக்கொண்டு முன்னால் போய்விடக் கூடாது என்பதற்காகவே, யாரும் தோற்கடிக்க ஆசைப்படாத பழைய தேதியை இட்டுவைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டும் இதைச் செய்கிறது: விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்களில் 21-6-2006 என்று இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு "பத்தொன்பது வருடப் பழையது, அப்டேட் செய்" என்று மிரட்டும் மென்பொருள்கள்தான் கடைக்காரர் சொன்ன வகையறா.

2 நவம்பர்

நான் எழுதியதில் ஒரு பெரிய தவறைத் திருத்த வேண்டும். விண்டோஸ் 7ஐ வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற தொனியில் இதுவரை எழுதிவந்தேன். செய்யலாம், ஆனால் பயனில்லை.

வைஃபைக்கு அவர் சரியான டிரைவரைத்தான் இறக்கியிருக்கிறார், ஆனால் டிரைவரைச் செய்தவரை உறுதிப்படுத்தும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று 52ஆம் எண் பிழை வருகிறது. பழைய சிடியில் இருக்கும் விண்டோஸ் 7க்கு ஷா-1 என்ற பழைய முறைக் கையொப்பம்தான் புரியும், பிறகு வந்த டிரைவர்கள் ஷா-2இல் கையொப்பமிடப்பட்டவை. கேபி 4474419 என்ற அப்டேட்டைப் போட்டால் புரிந்துகொள்ளும், அதற்கு முன் சர்வீஸ் பேக் 1 வேண்டும். அதையும் போட்டு வைஃபையைக் கொண்டுவந்தாலும், அதன் வழியே எங்கே போவது? விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14இலேயே முடிந்தது. குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை வைத்திருக்கச் சொல்வது என் வாயால் வரக்கூடாத ஆலோசனை, இரண்டு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பே ஓடிய ஓ.எஸ். பழக்கமானது என்பதால் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஹாட்கீ மென்பொருளைப் போட்ட பிறகும் "அன்நோன் டிவைஸ்" போகவில்லையாம். அப்படியானால் கைரேகை வாசிப்பானாக இருக்கும்.

3 நவம்பர்

கைரேகை வாசிப்பானே அந்த மாடலில் இல்லையாம். சரி.

9 நவம்பர்

விண்டோஸ் 10 போட முடிவு செய்திருக்கிறார். அதற்கும் கடந்த அக்டோபர் 14ஆம் தேதியோடு பாதுகாப்பு முடிந்துவிட்டது என்பதை நானே சொல்லிவிட்டேன். வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கும், அதற்குமேல் இல்லை. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். அதைச் சுற்றிக்கொண்டு போடும் குறுக்கு வழிகளை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 சாவி எண்ணைக் கொண்டு 10ஐப் புதிதாக உயிர்ப்பிக்கும் (ஆக்டிவேட் செய்யும்) வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. இங்கேதான் 2016இல் அவர் செய்த மாற்றம் கைகொடுத்தது: ஒரு முறை உயிர்ப்பித்த கணினியின் உரிமம் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும், சாவி கேட்கும் இடத்தில் "என்னிடம் இல்லை" என்று தாண்டிவிட்டால் இணையம் வந்ததும் தானே உயிர்பெறும். கடைக்காரரின் பேச்சைக் கேட்டு மதர்போர்டை மாற்றியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

போட்டு முடித்ததும் முதல் அரை மணி நேரம் டிரைவர் எதையும் தேடாதீர்கள். போனைக் கேபிளில் இணைத்துவிட்டு, விண்டோஸ் அப்டேட்டை அதன் போக்கில் விடுங்கள். இந்தச் செயலியில் இருக்கும் எச்டி 3000 கிராஃபிக்ஸுக்கு 9.17.10.4459 என்ற பதிப்பை அதுவே கொண்டுவரும். அது வரும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடியாது, அதைப் பார்த்துத் திரை பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

10 நவம்பர்

எல்லாம் வந்துவிட்டது, வைஃபை உட்பட. மஞ்சள் குறி ஒன்றே ஒன்று, அதே "அன்நோன் டிவைஸ்".

16 நவம்பர்

"விண்டோஸ் 10 மறுபடியும் மெதுவாக இருக்கிறது. பட்டனை அழுத்திவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். எந்த டிரைவர் குறைகிறது?"

டிரைவர் எதுவும் குறையவில்லை. டாஸ்க் மேனேஜரில் "டிஸ்க்" என்ற பத்தி 100 விழுக்காட்டிலேயே சிவந்து நிற்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். 14 வருடமாகச் சுற்றும் ஹார்டு டிஸ்க் அது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறிய மென்பொருளைப் போட்டு, 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் பார்க்கச் சொன்னேன். 05 என்பது ஏற்கெனவே செத்து மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள், சி5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் பகுதிகள். சி5இல் எண் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் முதல் வேலை பேக்கப். இவருக்குத் தாண்டியிருக்கிறது.

ஆக அக்டோபர் மாதம் அவர் ஓ.எஸ். போட்டதே தேவையற்ற வேலை. மெதுவாக ஓடியதற்குக் காரணம் டிஸ்க், அதை விட்டுவிட்டு விண்டோஸை மாற்றினோம், பிறகு விண்டோஸுக்காக டிரைவர் தேடினோம். முதல் கேள்வியிலேயே "மிகவும் மெதுவாகிவிட்டதால்" என்று எழுதியிருந்தார். நான் அதைத் தாண்டிப் படித்திருக்கிறேன்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டில்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள், 2.5 அங்குலச் சாட்டா வகை, 240 ஜிபி போதும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். இடைவெளியில் ஆடாமல் இருக்கச் சில பெட்டிகளில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், வராவிட்டால் நான் கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து வைத்தது போல் வைத்துக்கொள்ளலாம். மூன்றாண்டாக அது அசையவில்லை, மணமக்களும் சௌக்கியம்.

23 நவம்பர்

எஸ்எஸ்டி மாற்றியவருக்கு, விண்டோஸ் கிளம்ப முடியாமல் நின்றுபோகும் நீலத்திரை. "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்." இது எனக்கும் வந்தது, எனக்கு வந்த கதை கொஞ்சம் நீளம்.

என் கணினியில் ஒரு மழைக்காலத்தில் திடீரென இணையம் நின்றது. வைஃபை இணைந்திருக்கிறது, சிக்னல் முழுதாக இருக்கிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் கதவைச் சாத்துகிறது. வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். பழைய பதிப்பைப் போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன். மாலையில் ஒரு வாடிக்கையாளர், பையனின் ஜாதகத்தை டைப் செய்ய வந்தவர், திரையின் மூலையைப் பார்த்து "என்ன சார், உங்களுக்கு இன்னும் 2011ஆ?" என்று கேட்டார். கடிகாரம் 1-1-2011 காட்டிக்கொண்டிருந்தது. தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குப் பல வருடம் கழித்து வழங்கப்பட்டவை, ஆகவே பிரவுசருக்கு அவை இன்னும் பிறக்காதவை. தேதியை மாற்றினேன், இணையம் வந்தது. மறுநாள் காலை மறுபடியும் 2011.

மதர்போர்டில் ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மட்டுமல்ல, பயாஸில் நாம் வைத்த அமைப்புகளையும் மறந்துவிடும். என்னுடையதில் மறந்த அமைப்புகளில் ஒன்று சாட்டா முறை, அதாவது டிஸ்க்கோடு கணினி பேசும் முறை. ஏஎச்சிஐ முறையில் விண்டோஸைப் போட்டிருந்தேன், பேட்டரி முழுவதும் தீர்ந்ததும் பயாஸ் தன் பழைய வழக்கப்படி ஐடிஇ முறைக்குத் திரும்பியது. டிஸ்க்கோடு பேச விண்டோஸ் கற்றிருந்தது ஒரு மொழி, பயாஸ் பேசச் சொன்னது வேறொரு மொழி. விளைவு நீலத்திரை.

தம்பி, எஸ்எஸ்டி மாற்றும்போது பேட்டரியையும் கழற்றி மாட்டினீர்களா? பயாஸுக்குள் போய்ச் சாட்டா முறையைப் பாருங்கள்.

23 நவம்பர், இரவு

ஐடிஇ என்றுதான் இருந்ததாம். ஏஎச்சிஐக்கு மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. பட்டனை அழுத்தியதிலிருந்து 25 நொடியாம். "காபி போட நேரமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

30 நவம்பர்

லினக்ஸ் பற்றி நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று வேறொருவர் கேட்கிறார். சொல்லியிருக்க வேண்டும், அதுவும் முதல் நாளே. போட்டுக்கொள்வதற்காக இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்ப்பதற்காகவாவது சொல்லியிருக்க வேண்டும்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓ.எஸ். லினக்ஸ் மின்ட் 22ஐப் பென்டிரைவில் ஏற்றினால், டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் முக்கி முனகாமல் நடக்கும், 2029 வரை பாதுகாப்பு உண்டு. அதில் ஒலி வந்தால் ஒலிச் சில்லு நலம், திரை ஒழுங்காக இருந்தால் கிராஃபிக்ஸ் நலம். மதர்போர்டு போய்விட்டதா என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். இந்த வயதுக் கணினிகளில் பல, பழைய பயாஸ் முறையில்தான் கிளம்பும், ஆகவே ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவைத் தயாரிக்கும்போது, பகிர்வு முறையில் ஜிபிடி என்பதை விட்டு எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும்.

என் கடைக் கணினியில் மின்ட்தான் இப்போது இரண்டாவது ஓ.எஸ். போட்ட அன்று வைஃபை வரவில்லை. டிரைவர் மேனேஜர் மூடிய மூல மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைத்தது, அதைப் போட்டும் வரவில்லை. கட்டளைத் திரையில் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று அடித்தபோது "ஹார்டு பிளாக்டு: யெஸ்" என்று பதில் வந்தது. அதாவது மென்பொருளால் திறக்க முடியாத பூட்டு. கணினியின் முன்விளிம்பில், நகத்தால் மட்டுமே தள்ளக்கூடிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கிறது, பையில் வைக்கும்போது அது நகர்ந்திருக்கிறது. தள்ளினேன், விளக்கு எரிந்தது, வைஃபை வந்தது. இரண்டு மணி நேர ஆராய்ச்சி, அரை அங்குலத் தள்ளல்.

14 டிசம்பர்

இது டிரைவர் அல்ல, ஆனால் எல்லோரும் டிரைவர் என்று நினைத்து என்னிடம் கொண்டுவருவது.

தம்பியின் மாமனார் எழுதிவைத்திருந்த குடும்ப வரலாறு, 40 பக்கம், வேர்டு கோப்பு. புதிய விண்டோஸில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பை. டிஸ்க் கெட்டுப்போனபோது இதுவும் கெட்டுவிட்டது என்று வீட்டில் சண்டையாம். முதல் வரியில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்றார். கோப்புக்கு ஒன்றுமில்லை, அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்தின் உருவம் உட்கார்ந்திருக்கும். எழுத்துருக் கோப்பு பழைய விண்டோஸோடு போய்விட்டதால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. பாமினியைக் கண்ட்ரோல் பேனல் வழியாகப் போட்டதும் மாமனார் திரும்பி வந்தார், பிறகு முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

லதா எழுத்துருவில் ஆவணங்கள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை, "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேறு எழுத்துரு ஏறிக்கொண்டு பக்கங்கள் முன்பின்னாகும். எனக்கு ஒரு பத்திரிகையில் மணமகனின் பெயர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. நல்லவேளை, புரூஃப் பார்த்தோம்.

19 ஜனவரி 2026

கரிநாளும் காணும் பொங்கலும் முடிந்து கடையைத் திறந்ததும் முதலில் படித்தது அவருடைய செய்தி. "எல்லாம் ஓடுகிறது, அண்ணா. அந்த அன்நோன் டிவைஸ் மட்டும் உறுத்துகிறது." கூடவே ஒரு படம், மூன்று மாதத்தில் முதன்முறையாக அந்தக் கருவியின் அடையாள வரியோடு.

அந்த வரி "பிசிஐ" என்று தொடங்கவில்லை, "யுஎஸ்பி" என்றும் தொடங்கவில்லை, "ஏசிபிஐ" என்று தொடங்குகிறது. மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும் சின்னக் கருவிகள் அப்படித்தான் வரும். கைரேகை வாசிப்பானாக இருந்திருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி என்றிருக்கும். பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்று முதல் நாள் எழுதிய நானே எண்ணைக் கேட்காமல் இரண்டு முறை ஊகித்திருக்கிறேன், இரண்டும் தவறு.

எண்ணைத் தேடிப் பார்த்தேன். அது அசைவுணர்வி. மடிக்கணினி மேசையிலிருந்து விழும்போது, தரையைத் தொடுவதற்குள் அதை உணர்ந்து, சுற்றும் ஹார்டு டிஸ்க்கின் படிப்பு முனையைத் தட்டின் மேலிருந்து ஓரமாக ஒதுக்கிவைக்கச் சொல்லும். முனை தட்டில் மோதிக் கீறிவிடாமல் இருப்பதற்காக. தம்பியின் ஹார்டு டிஸ்க் இப்போது மேசை இழுப்பறையில் தூங்குகிறது, கணினிக்குள் இருப்பது சுற்றாத எஸ்எஸ்டி. காப்பாற்ற அங்கே தட்டும் இல்லை, முனையும் இல்லை.

டிரைவர் கிடைக்கிறது, 6 எம்பிதான். போடவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், மஞ்சள் குறி அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். கண்ணை உறுத்தினால் வலது சொடுக்கி "டிஸேபிள்" கொடுக்கலாம்.